துரை பங்களாவும் பொதுப் பூங்காவும்

சிட்னியில் தமிழர் செறிந்து குடியிருக்கும் புறநகர்கள் பலவும் பழைய நிலப்பிரபுக்களின் சொத்தாக இருந்தவை. டார்சி வென்ட்வர்த் என்ற காலனிய மருத்துவரின் பண்ணைதான் ஹோம்புஷ். அவருக்கு வழங்கப்பட்ட இன்னொரு பெருநிலத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது வென்ட்வர்த்வில். ஆளுநரின் மாளிகை நிலத்தில் மேற்குப் பக்கத்தைக் கூறுபோட்டு விற்றதில் பிறந்தது வெஸ்ட்மீட். துங்காபி, கைதிகளைக் கொண்டு அரசு நடத்திய இரண்டாவது பண்ணை. விற்றும் பிரித்தும் எஞ்சிய துண்டுகள் இன்று பூங்காக்களாக இருக்கின்றன. பொங்கல் விளையாட்டுகளும், பழைய மாணவர் ஒன்றுகூடல்களும், பிள்ளைகளின் பிறந்தநாள்களும் அங்கேதான் நடக்கின்றன. அந்தப் புல்தரைக்கு ஒரு முற்பிறப்பு உண்டு என்பது அங்கே கூடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

தனியொருவரின் அல்லது அரசாட்சியின் பண்ணை பொதுமக்கள் கைக்கு வருவது பெரிய காரியம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விற்றிருந்தால் வீட்டு மனைகளாகிப் போயிருக்கும் நிலத்தில் ஏழை எளியவரும் மரநிழலில் இருக்க முடிகிறது. ஆனால் சிட்னி, மெல்பேர்ண் இரண்டு நகரங்களையும் சுற்றியுள்ள இத்தகைய பூங்காக்களை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஒரு வழக்கம் புலப்படுகிறது. உடைமையாளரின் மாளிகை காக்கப்படுகிறது. அவருடைய புல்வெளி, ரோஜாப் பாத்தி, வண்டிப் பாதை எல்லாம் காக்கப்படுகின்றன. உழைத்தவர் படுத்துறங்கிய குடிசை காக்கப்படுவதில்லை. அதற்கும் முன்னே அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகைதான். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்களையும் லயத்தின் கதை கேட்டு வளர்ந்தவர்களையும் கொண்ட சமூகம் நாம். இந்த வழக்கத்தைப் பற்றிப் பேச நமக்குத் தனிக் காரணம் இருக்கிறது.

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தேயிலையா, கரும்பா விளைந்தது, இவற்றைப் பெருந்தோட்டம் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவுஸ்திரேலியாவில் அச்சாகப் பெருந்தோட்டம் என்று சொல்லத்தக்கவை குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்கள். அங்கே 1863 முதல் நாற்பது ஆண்டுகளில் பசிபிக் தீவுகளிலிருந்து ஏறக்குறைய 62,000 ஒப்பந்தங்களில் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். பலர் ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவர்கள். தெற்கே விளைந்தது கோதுமை, சோளம், ஆட்டு ரோமம், ஆப்பிள், ஹொப்ஸ். பயிர் வேறானாலும் ஒழுங்கு ஒன்றுதான்: பிறர் நிலத்தை எடுத்து ஒருவர் பெயருக்கு எழுதுவது, விட்டுப்போக உரிமையில்லாதவர்களைக் கொண்டு அதைத் திருத்துவது, மேட்டில் ஒரு பங்களா கட்டி மேற்பார்ப்பது. ஹற்றனிலோ வால்பாறையிலோ இருந்து வந்த ஒருவரை இந்தப் பண்ணைகளில் ஒன்றின் பழைய வரைபடத்தின் முன் நிறுத்தினால், எது எங்கே இருந்திருக்கும் என்பதை அவரே விரல் வைத்துக் காட்டிவிடுவார்.

முதலில் பரமட்டாவை எடுத்துக்கொள்வோம். 1788 ஜனவரியில் சிட்னித் துறையில் இறங்கிய கைதிக் குடியேற்றம் அந்த ஆண்டே பட்டினியின் விளிம்புக்கு வந்தது. துறைமுகத்தை ஒட்டிய குடாவில் போட்ட சோளமும் கோதுமையும் மணல் மண்ணில் தேறவில்லை. அந்தத் தோற்றுப்போன வயல் இருந்த இடத்தில்தான் 1816இல் தாவரவியல் தோட்டம் உருவானது. இன்றைய ஓபரா மாளிகைக்கு அடுத்துள்ள அதே பூங்கா. நல்ல மண் தேடி ஆற்றின் மேற்பாகத்துக்குப் போன ஆளுநர் ஆர்தர் ஃபிலிப், 1788 நவம்பரில் ரோஸ் ஹில் என்ற குடியேற்றத்தை நிறுவினார். பரமட்டாவின் தொடக்கம் அது. ஆற்று வளைவில் பிறைபோலக் கிடந்த வண்டல் நிலம் புரமட்டகல் என்ற தாருக் குலத்தவருடையது. அவர்கள் விலாங்கு பிடித்த கரையில் அரசுப் பண்ணை போடப்பட்டது. காலனியைத் தாங்கிப் பிடித்த முதல் நல்ல விளைச்சல் அங்கேயும், அருகில் ஜேம்ஸ் ரூஸ் என்ற தண்டனை முடிந்த கைதியிடம் பரீட்சையாகக் கொடுக்கப்பட்ட நிலத்திலும்தான் கிடைத்தது.

1790இல் பரமட்டாவுக்குத் தெரு வகுத்தபோது கைதிகளுக்குக் கட்டிய குடிசைகளின் அளவு பதிவாகியிருக்கிறது. நீளம் 24 அடி, அகலம் 12 அடி. பின்னிய குச்சிச் சுவரில் களிமண் பூச்சு. ஒரு குடிசைக்குப் பத்துப் பேர். இலங்கை மலையகத்தில் பிற்காலத்தில் ஒரு குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்ட லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அந்தப் பரமட்டாக் குடிசையை நடுவே மறித்தால் ஏறக்குறைய இரண்டு லயக் காம்பராக்கள். இந்த அளவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த நாளிலிருந்து பரமட்டாவை என்னால் பழையபடி பார்க்க முடிவதில்லை. குடிசைகள் இருந்த தெரு இன்று ஜோர்ஜ் ஸ்ட்ரீட். அதன் மேற்கு முனையில் மேட்டின் மேல் இருப்பது பழைய ஆளுநர் மாளிகை. 1799இல் ஆளுநர் ஹண்டர் கட்டியதைப் பின்வந்த ஆளுநர் மக்குவாரி பெரிதாக்கினார். குடிசைகள் மண்ணுக்கடியில் போய்விட்டன, மாளிகை இருக்கிறது. 2010இல் அவுஸ்திரேலியக் கைதித் தலங்கள் என்று யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பதினொரு இடங்களில் அந்த மாளிகையும் அதைச் சூழ்ந்த நிலமும் ஒன்று.

பண்ணை பூங்காவானதும் ஒரே நாளில் நடந்ததன்று. மக்குவாரி காலத்தில் சுற்றியிருந்த சிறு குத்தகைக்காரர்களை அகற்றி அது ஆளுநரின் தனி நிலமாக்கப்பட்டது. அவரும் மனைவி எலிசபெத்தும் அதை ஆங்கிலப் பிரபுக்களின் நிலத்தைப்போல வகுத்தார்கள். 1820களில் ஆளுநர் பிரிஸ்பேன் அங்கே ஒரு வானாய்வுக் கூடமும் குளியல் மாளிகையும் கட்டினார். ஆளுநர்கள் பரமட்டாவை விட்டு விலகிய பிறகு நிலத்தின் மேற்கும் வடக்கும் விற்கப்பட்டன. எஞ்சிய நடுப்பகுதி 1858இல் பொதுப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. நியூயோர்க்கின் மத்திய பூங்கா மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அதே ஆண்டு அது. ஓர் ஆட்சியாளரின் நிலத்தைக் குடிமக்களின் நிலமாக்கிய முயற்சிகளில் உலகிலேயே முந்தியவற்றுள் பரமட்டாப் பூங்காவையும் வைக்க வேண்டும். இன்று அது சுமார் 85 ஹெக்டேர். அதன் தென்மேற்குப் பகுதியான மேஸ் ஹில்லுக்குப் பக்கத்தில், பெருந்தெருவோரம், சிட்னி முருகன் கோவில் இருக்கிறது. தேரும் காவடியும் பார்க்க வருகிறவர்கள் ஆளுநரின் பழைய எல்லையைத் தாண்டித்தான் வருகிறார்கள்.

துங்காபியின் கதை இன்னும் கடுமையானது. 1791இல் பரமட்டாவுக்கு மேற்கே திறந்த அந்தப் பண்ணைக்கு மூன்றாம் கப்பல் தொகுதியில் வந்த கைதிகள் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஐரிஷ்காரர் பலர். கப்பலிலேயே எலும்பும் தோலுமாகிப் போனவர்கள். உழவுக்கு மாடு இல்லாத காலம் அது. மரத்தை வெட்டியதும் வேரைப் பிடுங்கியதும் மண்ணைக் கொத்தியதும் மனிதக் கைகள். துங்காபி என்ற பெயரே கைதிகளிடையே அச்சத்துக்குரியதாக இருந்ததைப் பழைய பதிவுகள் காட்டுகின்றன. 1797இல் பெமுல்வுய் என்ற ஆதிக்குடித் தலைவர் துங்காபிப் பண்ணையைத் தாக்கினார். துரத்திவந்த படையோடு பரமட்டாவில் மோதினார். குண்டுக் காயங்களோடு பிடிபட்டுத் தப்பினார். 1802இல் கொல்லப்பட்டார், தலை இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. பண்ணை வேலை பின்பு காசில் ஹில்லுக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்துதான் 1804 மார்ச் 4ஆம் நாள் பிலிப் கன்னிங்ஹம் தலைமையில் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறுநாளே படை அவர்களை நசுக்கியது.

துங்காபி அரசுப் பண்ணையின் தடயங்கள் புதைந்திருக்கும் இடம் மாநில மரபுப் பதிவேட்டில் இருக்கிறது. வின்ஸ்டன் ஹில்ஸில் உள்ள ஓக்ஸ் ரிசர்வ், பாலஸ்தைன் பார்க் என்ற இரண்டு சிறிய பொது மைதானங்கள் அவை. காசில் ஹில் பண்ணையின் ஒரு பகுதியும் மரபுப் பூங்காவாகியிருக்கிறது. மாளிகை இல்லாத பண்ணைகள் என்பதால் இவற்றுக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவதில்லை. என் பார்வையில் பரமட்டா மாளிகையைவிட இவைதான் அந்தக் காலத்துக்கு உண்மையான சாட்சி. உழைப்பு நடந்தது இங்கேதானே.

இந்த இடத்தில் நம்மவர் கதைக்கு ஒரு கதவு திறந்து மூடியது. 1830களின் இறுதியில் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் பெருநிலக்காரர்கள் வேறு ஆட்களைத் தேடினார்கள். மொரீசியஸுக்குப் போவதைப்போல இந்தியக் கூலிகளை இங்கும் கொண்டுவரலாம் என்ற யோசனை எழுந்தது. 1837இல் வங்காளத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தும் சேர்ந்தது. இந்தியக் கூலி உழைப்பை ஆதரித்தவர்களில் டார்சி வென்ட்வர்த்தின் மகன் வில்லியம் சார்ல்ஸ் வென்ட்வர்த்தும் ஒருவர். பிரிட்டிஷ் அரசு இசையவில்லை. வெள்ளையர் குடியேற வேண்டிய நாட்டில் ஆசிய உழைப்பாளர் பெருகக்கூடாது என்பது அந்த மறுப்பின் பின்னே இருந்த எண்ணம். கூலிகள் மேல் கொண்ட இரக்கம் அதில் சிறு பங்குதான். அதே காலத்தில் இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்கப் புறப்பட்டவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழி நடந்து, கண்டி மலைக் கோப்பிக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று லண்டனில் முடிவு வேறாக இருந்திருந்தால், வென்ட்வர்த்தின் நிலத்தில் தமிழர் குடியேற்றம் நூற்றைம்பது ஆண்டு முன்னதாகவே, முற்றிலும் வேறு நிபந்தனைகளில் நடந்திருக்கும்.

இந்தியாவோடு இன்னொரு தொடர்பும் உண்டு. டூன்சைடில் இருந்த பங்கரிபீ என்ற பெரும்பண்ணை, கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குக் குதிரைகளைத் திரட்டி அனுப்பும் நிலையமாகவும் சில காலம் இயங்கியது. நியூ சவுத் வேல்ஸ் குதிரைகள் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் கப்பலேறிய காலம் அது. பங்கரிபீயின் மாளிகை 1950களில் இடிக்கப்பட்டுவிட்டது. நிலம் இன்று, 5,000 ஹெக்டேருக்கு மேல் நீளும் மேற்குச் சிட்னிப் பசுநிலங்களில் ஒரு பூங்கா.

தனியார் நிலம் எப்படிப் பொதுவானது என்பதும் கவனிக்க வேண்டிய விடயம். தானாக எதுவும் வரவில்லை. வில்லியம் வென்ட்வர்த் 1827இல் வாங்கிய வோக்ளூஸ் மாளிகை துறைமுகக் கரையில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரையோர நிலமெல்லாம் தனியார் கையில் முடங்கிவிட்டது. நகரத்து மக்கள் கடலில் கால் நனைக்க இடமில்லை என்று ஒரு பொது இயக்கம் கிளம்பியது. அந்த அழுத்தத்தில்தான் 1910–11இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு வோக்ளூஸின் எஞ்சிய நிலத்தைக் கையகப்படுத்தியது. நீல்சன் பார்க் கடற்கரை அப்படிக் கிடைத்தது. மாளிகையோடு வந்த தோட்டமும் மக்களுக்குத் திறந்தது. மக்கள் கேட்டது கடற்கரை. மாளிகை கூடவே வந்தது. இன்று அந்த இடத்தின் புகழ் முழுவதும் மாளிகைக்குப் போய்விட்டது.

கேட்காமலே கிடைத்தவையும் உண்டு. சிட்னியின் கல்ஸ்டனில் பழத்தோட்டக்காரர்களான ஃபேகன் குடும்பம் தங்கள் நிலத்தைப் பொதுமக்களுக்கென்று கொடுத்தது. ஃபேகன் பார்க்கில் பழைய பண்ணை வீடும் கருவிகளும் அப்படியே இருக்க, பக்கத்தில் பல நாட்டுத் தோட்டங்கள் அமைத்திருக்கிறார்கள். ஒரு பண்ணையின் வேலையை, ஏரையும் பழப்பெட்டியையும், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் நான் அங்கேதான் அழைத்துப் போவேன். மெல்பேர்ணின் எல்ஸ்டர்ன்விக்கில் உள்ள ரிப்பன் லீ ஒரு வணிகப் பிரபுவின் பெருவீடு. ஃபிரெடரிக் சார்கூட் 1868இல் தொடங்கியது. மழைநீரைச் சேர்த்து ஏரிக்கும் தோட்டத்துக்கும் பாய்ச்சும் ஏற்பாட்டுக்குப் பெயர் பெற்றது. 1950களிலும் 60களிலும் தொலைக்காட்சி நிலையத்துக்காக அதன் நிலத்தை மத்திய அரசு எடுக்க முனைந்தது. கடைசி உடைமையாளரான லூயிசா ஜோன்ஸ் நீதிமன்றம்வரை போராடினார். 1972இல் அவர் மறைந்தபோது அதைத் தேசிய அறக்கட்டளைக்கு எழுதிவைத்திருந்தார். புலீனில் உள்ள ஹைடி ஒரு பழைய பால் பண்ணை. கலை ஆர்வலர்களான ஜோன் ரீட், சண்டே ரீட் தம்பதியர் 1934இல் வாங்கி மரமும் காய்கறியும் நட்டு வளர்த்த அந்த நிலம் அரசுக்கு விற்கப்பட்டு, 1981இல் கலைக்கூடமும் பூங்காவுமாகத் திறந்தது.

மெல்பேர்ணின் மேற்கே வெரிபீ பார்க் வேறு அளவிலானது. ஸ்கொட்லாந்திலிருந்து வந்த தோமஸ், அண்ட்ரூ சேர்ன்சைட் சகோதரர்கள் ஆடு வளர்த்துப் பெருநிலக்காரரானவர்கள். 1870களில் அவர்கள் கட்டிய அறுபது அறை மாளிகை ஆற்றோரச் சமவெளியில் தனியே எழுந்து நிற்கிறது. சேர்ன்சைட் நிலத்தின் ஒரு பகுதி 1890களில் நகரத்துக் கழிவுநீர்ப் பண்ணைக்குப் போனது. மாளிகை 1923 முதல் ஐம்பது ஆண்டுகள் கத்தோலிக்கக் குருமடமாக இருந்தது. 1973இல் விக்டோரிய அரசு வாங்கியது. ரோஜாத் தோட்டமும் திறந்தவெளி விலங்குக் காட்சியகமும் அதன் பிறகு வந்தவை. அதைச் சூழ்ந்த விண்டம் வட்டாரத்தில் இன்று இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள் ஏராளம். தமிழரும் கணிசமாக இருக்கிறார்கள். கல்யாணப் படம் எடுக்க அந்த மாளிகைப் படிக்கட்டுக்கு வருகிறார்கள். வரட்டும். அதே ஆற்றங்கரையில் ஓடம் செய்வதற்காகப் பட்டை உரிக்கப்பட்ட வடுவோடு நிற்கும் செவ்வூக்கலிப்டஸ் மரங்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும். மாளிகைக்கு மூத்த கட்டுமானத் தடயம் அந்த மரங்களில் இருக்கிறது.

மெல்பேர்ணைச் சுற்றியுள்ளவற்றில் என்னை மிகவும் அலைக்கழிப்பது கொரண்டர்க். பெருந்தோட்டம் பொதுப் பூங்காவான கதை என்று சொல்ல அவுஸ்திரேலியாவின் தெற்கில் இதைவிடத் தெளிவான இடம் இல்லை. மெல்பேர்ணுக்கு வடகிழக்கே யாரா ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஹீல்ஸ்வில் அருகே இருக்கிறது. நிலத்தை இழந்து சிதறிப்போன கூலின் என்ற ஆதிக்குடி மக்கள் சைமன் வொங்கா, வில்லியம் பராக் என்ற உறவினர்களின் தலைமையில் 1863இல் மலையைக் கடந்து வந்து அங்கே குடியமர்ந்தார்கள். முதலில் 2,300 ஏக்கர். 1866இல் 4,850 ஏக்கராக விரிந்தது. ஜோன் கிரீன் என்ற ஸ்கொட்லாந்துச் சமயப் பணியாளர் மேற்பார்த்தார். தங்கள் ஊர் விவகாரங்களைத் தாங்களே கூடிப் பேசித் தீர்ப்பதற்கு அவர் இடம் விட்டார். அவர்கள் காடு திருத்தி, வீடு கட்டி, தானியமும் காய்கறியும் பயிரிட்டார்கள்.

1870களின் தொடக்கத்தில் ஆதிக்குடிகள் பாதுகாப்புச் சபை அங்கே ஹொப்ஸ் கொடியைப் பணப்பயிராகக் கொண்டுவந்தது. பியர் காய்ச்சுவதற்கான பயிர் அது. நீண்ட கழிகளில் கொடியேற்றி, பூவைக் கையால் கொய்து, சூளையில் உலர்த்தி மூட்டை கட்ட வேண்டும். அறுவடைக் காலத்தில் ஆண், பெண், பிள்ளை எல்லாரும் வயலில். கொரண்டர்க் ஹொப்ஸ் நல்ல விலைக்குப் போனது. 1881இல் மெல்பேர்ண் சர்வதேசக் கண்காட்சியில் முதற்பரிசும் பெற்றது. வருமானம் சபையின் கையில் சேர்ந்தது. உழைத்தவர்களுக்குக் கூலி சொற்பம்; அதுவும் ஒழுங்காகக் கிடைக்காது. உடையும் இறைச்சியும் தட்டுப்பட்டன. பயிர் பொன்னாக விளைய விளைய, சுற்றியிருந்த வெள்ளைக் குடியானவர்களின் கண் அந்த மண்ணின் மேல் விழுந்தது. மக்களை வேறிடம் மாற்றிவிட்டு நிலத்தை விற்கலாம் என்று சபையே பேசத் தொடங்கியது. கிரீன் வெளியேற்றப்பட்டார்.

அதற்குப் பின் நடந்ததை நம் தோட்டத் தொழிற்சங்க வரலாறு படித்தவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். கொரண்டர்க் மக்கள் மனு எழுதினார்கள். பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அமைச்சரைப் பார்க்கப் பராக்கும் மற்றவர்களும் மெல்பேர்ணுக்கு நடந்தே போனார்கள். 1881இல் பாராளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது; அதன் முன் அவர்களே சாட்சி சொன்னார்கள். நிலம் விற்கப்படவில்லை. 1884இல் அது நிரந்தர ஒதுக்கீடாக உறுதி செய்யப்பட்டது. ஆனால் 1886இல் வந்த சட்டம் கலப்பு வம்சாவளியினரான இளையவர்களை ஒதுக்கிடங்களைவிட்டு வெளியேற்றியது. குடும்பங்கள் பிளந்தன, வேலை செய்யும் கை போயிற்று. 1893இல் பாதி நிலம் பறிபோனது. பராக் 1903இல் அங்கேயே இறந்தார். 1924இல் கொரண்டர்க் மூடப்பட்டு, பெரும்பாலோர் தொலைவிலிருந்த லேக் டயர்ஸ் என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள்; வயதானவர் சிலர் மட்டும் போக மறுத்துத் தங்கிவிட்டார்கள். எஞ்சிய நிலத்தில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பின் திரும்பிய படைவீரர்களுக்குக் குடியேற்ற நிலமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

இதற்கிடையே 1920இல், அந்த ஒதுக்கிடத்தில் 78 ஏக்கர் கொலின் மக்கன்சி என்ற உடற்கூற்று அறிஞரின் ஆராய்ச்சிக்கு விடப்பட்டது. 1934இல் அது விலங்குச் சரணாலயமாகத் திறந்தது. இன்று ஹீல்ஸ்வில் சரணாலயம் என்ற பெயரில் விக்டோரியாவின் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த பூங்கா. மனிதப் பராமரிப்பில் வாத்தலகி குஞ்சு பொரித்து வளர்ந்தது உலகிலேயே முதன்முறையாக 1943இல் அங்கேதான். காயம்பட்ட விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கும் அருமையான இடம். அதன் மரங்களுக்கிடையே நடக்கும் யாருக்கும், நூற்றைம்பது ஆண்டுக்கு முன் இதே ஒதுக்கிடத்தில் ஹொப்ஸ் கொய்தவர்கள் கூலி கேட்டு நகரத்துக்கு நடந்தார்கள் என்ற செய்தி முதல் வாசலிலேயே சொல்லப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். அழிந்துவரும் உயிர்களைக் காக்கும் ஓர் இடம், அதே மண்ணிலிருந்து அகற்றப்பட்ட மனிதரைப் பின்னட்டைக் குறிப்பாக வைத்திருக்கக் கூடாது. கொரண்டர்க்கின் ஒரு சிறு பகுதியான 200 ஏக்கர் 1999இல் விலைக்கு வாங்கப்பட்டு அவர்களின் வழித்தோன்றல்களிடம் திரும்பியது. இந்தக் கட்டுரைக்காக எண்ணிப் பார்த்த எல்லா நிலங்களிலும், பழைய உரியவர் கைக்கு நேரடியாகத் திரும்பியது இந்த ஒன்றுதான்.

இனி நம் ஊர்ப் பக்கம். கொழும்பில் இந்த வழக்கம் இன்னும் பழையது. ஒல்லாந்தர் 1769இல் மருதானையில் கறுவாவைப் பயிராக நட்டுத் தொடங்கினார்கள். அதுவரை காட்டில் உரித்துவந்த சரக்கு தோட்டப் பயிரானது. பட்டை உரிக்கும் கடமை சலாகம சாதியினரின் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. பிரிட்டிஷார் காலத்தில் கறுவா விலை வீழ்ந்ததும் அந்த நிலம் மாளிகைகளாயிற்று. கறுவாத்தோட்டம் என்ற பெயர் மட்டும் நின்றது. அதன் நடுவே சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா கொடுத்த நிலத்தில் விக்டோரியா பூங்கா எழுந்தது. இரண்டாம் உலகப் போரில் அவுஸ்திரேலியப் படைப்பிரிவு ஒன்று அங்கே முகாமிட்டிருந்தது. 1950களில் துட்டகைமுனுவின் தாயான விகாரமகாதேவியின் பெயர் அதற்கு இடப்பட்டது. மகாராணி பெயர் போய் அரசி பெயர் வந்தது. பட்டை உரித்தவர் பெயர் எந்தக் காலத்திலும் அதற்கு வரவில்லை.

நுவரெலியாவுக்குக் கீழே ஹக்கலைப் பூங்கா 1861இல் சிங்கோனா நடுவதற்கான சோதனைத் தோட்டமாகத் தொடங்கி மலர்த்தோட்டமானது. பெந்தோட்டைக்கு அருகே கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1948இல் வாங்கிய லுணுகங்கை, கறுவாவும் பின் றப்பரும் விளைந்த தோட்டம். அரை நூற்றாண்டு அவர் செதுக்கிய அந்த நிலத்தை இன்று மக்கள் பார்க்கலாம். எல்லாம் அழகானவை. இவற்றுக்கு நடுவில் நான் மிக உயர்வாக மதிப்பது கம்பளைக்கு அருகே பீகொக் தோட்டத்தில் உள்ள ஒரு பழைய லயம். கண்டியிலிருந்து இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அந்த லயத்தைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, அம்மி, உரல், தப்பு, துண்டு, பற்றுச்சீட்டு என்று அந்தச் சிறு காம்பராக்களில் அடுக்கியிருக்கிறார்கள். பங்களாவை விட்டுவிட்டு லயத்தைக் காத்த இடம் நானறிந்து இலங்கையில் அது ஒன்றே. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் விட்னி பெருந்தோட்டம் 2014இல் இதே மனத்தோடு திறந்தது. அங்கே காட்டப்படுவது அடிமைகளின் வாழ்க்கை. எசமான் வீடு அந்தக் கதைக்குள் ஒரு பகுதி மட்டும். மாளிகைகளைத் திருமண மண்டபமாக்கி வாழும் தென்மாநிலத் தோட்டங்களுக்கு நடுவில் அது நிமிர்ந்து நிற்கிறது.

நிலம் பொதுவுக்குத் திரும்பும்போது உழைத்தவர் எங்கே போவார் என்ற கேள்வி தமிழ்நாட்டில் இந்த நிமிடமும் உயிரோடிருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா வணிக நிறுவனத்துக்குக் கொடுத்தது. குத்தகை 2028இல் முடிகிறது. நிலம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகக் காட்டோடு சேர வேண்டும் என்பது வனத்துறையின் நிலை. அதுவும் பொது நன்மைதான். தாமிரபரணியின் நீர்ப்பிடிப்பு அங்கே இருக்கிறது. ஆனால் நான்கு தலைமுறை அங்கே கொழுந்து பறித்தவர்கள் 2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் மலையைவிட்டு இறங்கும்படி ஆனது. கூலி உயர்வு கேட்டு அவர்கள் நடத்திய போராட்டத்தையொட்டி 1999 ஜூலை 23இல் நெல்லைத் தாமிரபரணிக் கரையில் 17 பேர் இறந்ததை மறந்துவிட்டு மாஞ்சோலையைப் பற்றிப் பேச முடியாது. காடு திரும்பி வளரட்டும். அதோடு வாழ்ந்தவர்களுக்குக் கீழே நிலமும் வேலையும், மேலே அவர்களின் கோவிலுக்கும் சுடுகாட்டுக்கும் போய்வரும் உரிமையும் எழுத்தில் உறுதியாக வேண்டும். கொரண்டர்க்கில் 1924இல் செய்யாததை மாஞ்சோலையில் இப்போதாவது செய்யலாம்.

சிட்னி, மெல்பேர்ண் பூங்காக்களுக்கு என்ன செய்யலாம்? மாளிகைகளை இடிக்கச் சொல்லவில்லை. அவையும் தச்சரும் கொத்தரும் கைதிகளும் கட்டியவைதான். கேட்க வேண்டியது அளவும் இடமும். உழைத்தவர் குடிசை எங்கே இருந்தது என்று தெரிந்த இடங்களில் அதன் எல்லையை அதே அளவில் தரையில் கல் பதித்துக் காட்டலாம். 24 அடிக்கு 12 அடி என்று வெறும் எண்ணாகப் படிப்பதும், அந்தக் கோட்டுக்குள் பத்துப் பேராக நின்று பார்ப்பதும் வேறு வேறு. ரோஜாவுக்கு ஒதுக்கும் பாத்திகளில் ஒன்றை அந்தந்தப் பண்ணையில் விளைந்த பயிருக்கு விடலாம்: பரமட்டாவில் சோளம், ஹீல்ஸ்வில்லில் ஹொப்ஸ். புரமட்டகல், கூலின் வழித்தோன்றல்களுக்கு விழாநாளில் வரவேற்புரை சொல்லும் பங்கு மட்டும் போதாது. பராமரிப்புக் குழுவில் வாக்குரிமையுள்ள இருக்கை வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதற்கு வழியும் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் உள்ளூராட்சி மன்றம் தன் பொறுப்பிலுள்ள பொது நிலத்துக்குப் பராமரிப்புத் திட்டம் தயாரிக்கும்போது, அதன் வரைவைக் குறைந்தது 28 நாள் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டுச் சட்டம். ஓக்ஸ் ரிசர்வ் போன்ற மைதானங்களுக்கு இப்படி வரும் வரைவுகளுக்குக் கருத்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாகனத் தரிப்பிடத்தையும் நாய்கள் ஓடும் இடத்தையும் பற்றி எழுதுகிறார்கள். அந்த மைதானத்தில் ஆண்டுதோறும் ஒன்றுகூடும் நம் சங்கங்களும் பாடசாலைகளும் எழுதலாம். பண்ணையின் குடிசைகள் எங்கே இருந்தன, அகழாய்வில் என்ன கிடைத்தது, அது எப்போது தரையில் குறிக்கப்படும் என்ற மூன்று கேள்விகள் போதும். தமிழிலும் ஒரு விளக்கப் பலகை வேண்டும் என்பதை நான்காவதாகச் சேர்க்கலாம்.